சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கு எந்தப் பெயிண்ட் நிற்கும்?

கேள்வி இது: காயில் ஸ்பிரிங்குகளைக் கழற்றியாகிவிட்டது. பழைய பெயிண்ட் அங்கங்கே உரிந்து துரு தெரிகிறது. ஓயாமல் அமுங்கி விரியும் பொருளின் மேல் எந்தப் பெயிண்ட் வெடிக்காமல் நிற்கும்? பவுடர் கோட்டிங் கொடுப்பதா, ரப்பர் மாதிரி இழுபடும் பெயிண்ட் அடிப்பதா?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்களே அடிப்பதென்றால் டூ-பேக் (பெயிண்டையும் அதை இறுக்கும் ஹார்ட்னரையும் அடிக்கும்போது கலக்கும் வகை) எபாக்ஸி பிரைமர், அதன்மேல் டூ-பேக் பாலியூரித்தேன். ஸ்பிரிங் உட்காரும் அடிச்சுற்றில் மட்டும் அதற்கும் மேலே மெழுகு. பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் தூளைத் தூவி அடுப்பில் சுட்டு இறுக்கும் பூச்சு, தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் பழைய பெயிண்டை எப்படி எடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு. ரப்பர் பெயிண்ட் வேண்டாம்.

ரப்பர் மாதிரி இழுபட வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். ஸ்பிரிங் கண்ணெதிரே பாதி உயரத்துக்கு அமுங்குகிறதே, பெயிண்ட் மட்டும் எப்படித் தாங்கும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் காயில் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி மடங்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. நீளமான கம்பி முழுவதும் அந்த முறுக்கலைப் பங்கிட்டுக்கொள்வதால், ஓரிடத்தில் மேற்பரப்பு அடையும் மாற்றம் மிகச் சிறியது. கார் ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் கம்பியின் மேற்பரப்பில் 1,000 மெகாபாஸ்கல் அளவுக்கு முறுக்குத் தகைவு வரலாம். எஃகின் முறுக்கு விறைப்பு ஏறத்தாழ 79,000 மெகாபாஸ்கல். வகுத்துப் பாருங்கள், மேற்பரப்பு அடையும் மாற்றம் 1.3 சதவீதம்கூட வராது. சரியாகக் காய்ந்த எந்த நல்ல பெயிண்டும் இதைத் தாங்கும்.

பிறகு ஏன் உரிகிறது? சக்கரம் வாரி அடிக்கும் கல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அடிச்சுற்று. ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒரு தட்டில் உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தட்டில் மணலும் சேறும் தேங்குகின்றன. வண்டி ஆடும் ஒவ்வொரு முறையும் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே அந்த மணல் அரைபடுகிறது. பெயிண்ட் தேய்ந்து எஃகு வெளியே தெரிந்ததும் தட்டில் நிற்கும் ஈரம் அங்கே வேலையைத் தொடங்குகிறது. சாலையில் உப்பு தூவும் ஊர்களிலும் கடலோரத்திலும் இது பல மடங்கு வேகம். துரு குழியாகிறது, குழியின் அடியிலிருந்து விரிசல் ஓடுகிறது, ஒருநாள் கடைசிச் சுற்றுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் உடைகிறது. உடைந்த ஸ்பிரிங்குகளில் பெரும்பாலானவை அந்த இடத்திலேயே உடைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே இந்த வேலைக்கு வேண்டிய பெயிண்டிடம் மூன்று குணங்கள் பார்க்க வேண்டும்: எஃகை விடாமல் பிடிக்க வேண்டும், கல் பட்டுச் சிதறினாலும் அந்த ஓட்டையிலிருந்து துரு அடியில் பரவக் கூடாது, சிதறிய இடத்தைப் பிறகு தொட்டுச் சரிசெய்ய முடிய வேண்டும்.

டப்பாவைத் திறப்பதற்கு முன் ஸ்பிரிங்கைப் பாருங்கள். தேய்த்துச் சுத்தம் செய்த பிறகு துரு இருந்த இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுப்படும் அளவுக்குக் குழி இருந்தால் அந்த ஸ்பிரிங்குக்குப் பெயிண்ட் மருந்தல்ல, மாற்றிவிடுங்கள். அதே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சந்தேகமான இடத்தில் டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் ஊடுருவிக் காட்டும் சாயம்) போட்டுப் பார்த்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாகத் தெரிந்துவிடும். குழியைப் பட்டி போட்டு நிரவி மேலே பெயிண்ட் அடிப்பது ஆபத்தை மூடி மறைக்கும் வேலை.

இன்னொன்று, கம்பெனி பூச்சு நல்ல நிலையில் இருந்தால் அதைச் சுரண்டி எடுக்காதீர்கள். தொழிற்சாலையில் ஸ்பிரிங்குக்கு முதலில் துத்தநாக பாஸ்பேட் ஏற்றி, அதன்மேல் எபாக்ஸி அல்லது பாலியெஸ்டர் பவுடரைச் சுட்டு இறுக்குகிறார்கள். சிலவற்றில் அடியில் துத்தநாகம் கலந்த ஒரு அடுக்கும் உண்டு. வீட்டிலோ பட்டறையிலோ அந்தப் பிடிப்பைக் கொண்டுவருவது கடினம். புது ஸ்பிரிங் வாங்கி நிறம் பிடிக்கவில்லை என்றால், 240 உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் மங்கச் செய்து மேலே பாலியூரித்தேன் அடித்தால் போதும். பழையதிலும் உறுதியாக ஒட்டியிருக்கும் பெயிண்டை விட்டுவிட்டு, உரிந்த ஓரங்களை மட்டும் படிக்கட்டு இல்லாமல் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்.

இனி எஃகைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தவறுகளில் மோசமானவை இங்கேதான் நடக்கின்றன. ஸ்பிரிங் எஃகு சாதாரண இரும்பு அல்ல. சிலிக்கான்–குரோமியம் அல்லது குரோமியம்–வனேடியம் கலந்த எஃகைக் காய்ச்சி எண்ணெயில் அமிழ்த்தி, பிறகு 400 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் டெம்பர் செய்கிறார்கள், அதாவது நொறுங்காமல் இருக்க மறுபடி சூடாக்குகிறார்கள். ராக்வெல் சி அளவில் 50-ஐ ஒட்டிய கடினம் அதற்கு இருக்கும். அதற்கும் மேல் ஷாட் பீனிங் என்று சிறு உருண்டைகளைப் பீய்ச்சி அடித்து மேற்பரப்பை அழுத்த நிலையில் வைக்கிறார்கள். விரிசல் திறக்காமல் பிடித்து வைப்பது அந்த அழுத்தம்தான். இந்த எஃகுக்கு இரண்டு எதிரிகள்: அமிலம், அதிகச் சூடு.

அமிலம் இரும்பைத் தொடும்போது ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்துவிடும். மென்மையான இரும்பில் பெரிய கேடு இல்லை. இவ்வளவு கடினமான எஃகில் அது உள்ளே உட்கார்ந்துகொண்டு, பாரம் ஏறிச் சில மணி நேரமோ சில நாளோ கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஸ்பிரிங்கைப் படீரென்று முறித்துவிடும். எனவே கழிவறை கழுவும் அமிலத்தில் ஊறப்போடுவது, வினிகரில் இரவு முழுக்க வைப்பது, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியில் முக்குவது எதுவும் கூடாது. மின்முலாம் பூசும் துத்தநாகமும் குரோமும் இதே காரணத்தால் ஸ்பிரிங்குக்கு ஆகாது. முலாம் பூசியதும் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சுட்டு ஹைட்ரஜனை விரட்டும் முறை உண்டு, ஆனாலும் பாதுகாப்பு சார்ந்த ஒரு பாகத்தை அந்த நம்பிக்கையில் விடுவது சரியல்ல. உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் சுமார் 450 டிகிரியில் நடக்கிறது, டெம்பரே போய்விடும்.

பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடு பொதுவாக 180 முதல் 200 டிகிரி, இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஸ்பிரிங்குக்கு இதனால் கேடில்லை. 200-ஐத் தாண்டி 250-ஐ நெருங்க நெருங்க பீனிங்கின் அழுத்தம் தளரத் தொடங்கும், ஆகவே 200 என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ஆபத்து அதற்கு முந்தைய கட்டத்தில் இருக்கிறது. பழைய பெயிண்டை எரித்து எடுக்கும் அடுப்பு சில பட்டறைகளில் உண்டு, அதன் சூடு 350 முதல் 450 டிகிரி வரை போகும். சில இடங்களில் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். ஸ்பிரிங்கைக் கொடுக்கும்போதே மூன்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: இது ஸ்பிரிங் எஃகு, எரிக்கக் கூடாது, அமிலத்தில் போடக் கூடாது. பிளாஸ்டிங் (துகள்களைப் பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்வது) செய்வதென்றால் கரடுமுரடான கிரிட் வேண்டாம், கண்ணாடி மணி போன்ற நுண்ணிய உருண்டை குறைந்த அழுத்தத்தில் போதும். இதை ஒப்புக்கொள்ளாத இடத்தில் கொடுக்காமல் திரும்புவதே நல்லது.

பவுடரின் பலம் அதன் தடிமனும் உரமும். பலவீனம், ஒரே அடுக்காகப் போட்டால் கல் பட்ட சிறு ஓட்டை வழியே ஈரம் புகுந்து அடியில் ஊர்ந்துபோகும். மேலே தோல் அழகாக இருக்கும், உள்ளே துரு பரவியிருக்கும், பிறகு ஒருநாள் சட்டை கழற்றியது போல் ஒரு துண்டாக வரும். அதைத் தவிர்க்க, துத்தநாகம் அல்லது எபாக்ஸி பவுடர் பிரைமர் ஒன்று, மேலே பாலியெஸ்டர் ஒன்று என இரண்டு அடுக்காகக் கேளுங்கள்.

மற்ற பூச்சுகளை வேகமாகப் பார்த்துவிடலாம். சாதாரண சேஸிஸ் எனாமல் மோசமில்லை. எளிதில் சிதறும், ஆனால் தொட்டு அடிப்பது சுலபம். ஆண்டுக்கொரு முறை கவனிக்கத் தயார் என்றால் அதுவே போதும். துருவின் மேலேயே அடிக்கலாம் என்று விற்கப்படும், காற்றின் ஈரத்தால் இறுகும் யூரித்தேன் வகை, சொரசொரப்பான துருப் பரப்பில் பிரமாதமாகப் பிடிக்கும். வழவழப்பான சுத்த எஃகில் அடித்தால் தகடு தகடாக உரியும். வெயிலில் நிறமும் போகும். துத்தநாகம் செறிந்த கோல்டு கால்வனைசிங் பெயிண்ட் நேரடியாகச் சுத்த எஃகைத் தொட்டால் மட்டுமே வேலை செய்யும். துருவின் மேலோ பழைய பெயிண்டின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயிண்ட். அதன்மேல் எனாமல் அடிக்காதீர்கள், எனாமலின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பு போலாகிப் பிடிப்பு விட்டுவிடும், எபாக்ஸிதான் மேலே வர வேண்டும். சைலன்ஸருக்கு அடிக்கும் 600 டிகிரி பெயிண்டைச் சிலர் ஸ்பிரிங்குக்கு அடிக்கிறார்கள். அது சூடு ஏறினால்தான் முழுதாக இறுகும். ஸ்பிரிங் சூடாவதே இல்லை என்பதால் அது கடைசிவரை மெத்தென்றே இருந்து கரைந்துபோகும். வண்டி அடியில் அடிக்கும் தார், ரப்பர் பூச்சு, உரித்து எடுக்கும் ரப்பர் பெயிண்ட், சரக்குப் பெட்டிக்குள் அடிக்கும் தடித்த லைனர் ஆகியவற்றுக்கு ஒரே குறை: ஓரத்தில் பிளந்ததும் தண்ணீரை உள்ளே வாங்கி வெளியே விடாது. விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

எபாக்ஸி–பாலியூரித்தேன் ஜோடியை ஏன் சொல்கிறேன் என்றால், எபாக்ஸி எஃகைப் பிடிக்கும் பிடியும் அடியில் துரு ஊராமல் தடுக்கும் குணமும் மற்ற கைவேலைப் பெயிண்டுகளில் அரிது. ஆனால் வெயில் பட்டால் எபாக்ஸி சுண்ணாம்பு மாதிரி மாவாகும். பாலியூரித்தேன் அதை வெயிலிலிருந்து காக்கிறது, கல் அடிக்கும் சற்று விட்டுக்கொடுக்கிறது.

வேலையின் வரிசை முக்கியம். கழற்றியதும் நிற அடையாளங்களைப் படம் எடுத்து வையுங்கள். கம்பியில் இருக்கும் வண்ணக் கோடுகள் அலங்காரம் அல்ல, எந்த ஸ்பிரிங் எந்தத் தரம் என்று காட்டுபவை. இடம் வலம், மேல் கீழ் எது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரில் நன்றாகக் கழுவி உப்பையும் சேற்றையும் போக்குங்கள். அடுத்தது கிரீஸ் எடுப்பது. இதைத் தேய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், இல்லையென்றால் உப்புத்தாள் கிரீஸையே எஃகுக்குள் தேய்த்து ஏற்றிவிடும். டீகிரீசர் போட்டுக் கழுவி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, ஒரே படலமாக வழிந்தால் சுத்தம்.

தேய்ப்பதற்கு வசதியான வழி, இரண்டு விரல் அகல எமரித் துணியைக் கம்பியைச் சுற்றிப் போட்டு, இரு நுனியையும் பிடித்து ஷூ பாலிஷ் போடுவது போல் மாறி மாறி இழுப்பது. துரு இருக்கும் இடத்தில் 80, முடிவாக 120. உள்பக்கமும் தானாகவே தேய்ந்து வரும். கம்பி பிரஷ் போடலாம், ஆனால் அது எஃகை வழவழப்பாக்கிவிடும், பிறகு எமரி அவசியம். கிரைண்டரில் வெட்டுச் சக்கரமோ அரைச் சக்கரமோ ஸ்பிரிங் பக்கமே போகக் கூடாது. அது போடும் ஒரு கீறல் போதும், விரிசல் அங்கிருந்து தொடங்க. தேய்த்து முடித்ததும் தூசியைத் துடைத்து, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை துடைத்து, வெறும் கையால் தொடாமல் அன்றைக்கே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், பிரைமர் ஏற்றிவிடுங்கள். அமிலம் கலந்த வாஷ் பிரைமரை அடியில் போட வேண்டாம், டூ-பேக் எபாக்ஸி அதன்மேல் சரியாகப் பிடிக்காது.

எவ்வளவு பெயிண்ட் வேண்டும்? எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. 13 மில்லிமீட்டர் கம்பி, 130 மில்லிமீட்டர் விட்டம், ஆறு சுற்று உள்ள ஸ்பிரிங்கை நேராக்கினால் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் கம்பி, மேற்பரப்பு 0.1 சதுர மீட்டர். நான்குக்கும் சேர்த்து 0.4. காய்ந்த பின் 60 மைக்ரான் வேண்டுமென்றால், 60 சதவீதம் திடப்பொருள் உள்ள எபாக்ஸியில் ஈரத்தில் 100 மைக்ரான் போட வேண்டும். கணக்குக்கு 40 மில்லி, பிரஷிலும் கிண்ணத்திலும் ஒட்டுவதைச் சேர்த்து 60 மில்லி ஒரு கோட்டுக்குப் போதும். ஸ்பிரே என்றால் பாதிக்கு மேல் சுற்றுகளின் இடைவெளி வழியே வீணாகும், இரண்டு மடங்கு கலக்குங்கள். இவ்வளவு சிறிய அளவைக் கண்ணால் பார்த்துக் கலந்தால் விகிதம் தவறும், ஹார்ட்னர் குறைந்தால் பெயிண்ட் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். பெயிண்டுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று என இரண்டு ஊசியில்லா சிரிஞ்சு வைத்து அளந்து கலக்குங்கள். விகிதம் எடையிலா கன அளவிலா என்பதை டப்பாவில் பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல.

ஸ்பிரிங்கைக் கம்பிக் கொக்கியில் தொங்கவிட்டு, முதலில் பிரஷால் சுற்றுகளின் உள்பக்கத்தை மட்டும் ஒரு சுற்று அடித்துவிடுங்கள். ஸ்பிரே எட்டாத இடம் அது. முறுக்குத் தகைவு அதிகபட்சமாக இருப்பதும் வளைவின் அந்த உள்பக்கத்தில்தான். பெயிண்ட் மிக மெல்லியதாக விழும் இடமும் எஃகு மிக அதிகமாக வருந்தும் இடமும் ஒன்றாக இருப்பதால், இந்த ஒரு பிரஷ் வேலையைத் தவிர்க்கவே கூடாது. கடைசிச் சுற்று அடுத்த சுற்றைத் தொடும் இடுக்கிலும் பிரஷ் நுனியால் தள்ளிவிடுங்கள். பிறகு முழு கோட். எபாக்ஸி இரண்டு கோட், மொத்தம் 100 முதல் 120 மைக்ரான். பாலியூரித்தேன் இரண்டு கோட், 60 முதல் 80. இதற்கு மேல் ஏற்றினால் லாபமில்லை, தடித்த பெயிண்ட் தட்டில் நசுங்கித்தான் பிளக்கும். எபாக்ஸி அடித்த மறுநாள் பாலியூரித்தேன் போடுவது பொதுவாகச் சரியாக இருக்கும். டப்பாவில் சொன்ன கெடு தாண்டிவிட்டால் 320 தாளால் மங்கச் செய்துவிட்டு அடியுங்கள். எஃகின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட) 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், மழை ஈரத்தில் அடித்த பெயிண்ட் அடியில் தண்ணீரைப் பூட்டிவைக்கும்.

டூ-பேக் பாலியூரித்தேனின் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே செய்தால் வெளிக்காற்று ஊட்டும் முகமூடி வேண்டும், துணி மாஸ்க் ஒன்றுக்கும் உதவாது, ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் வாழ்நாள் ஆஸ்துமாவாகலாம். அந்த முகமூடி இல்லையென்றால் கையுறை மாட்டி, திறந்த இடத்தில் பிரஷால் அடியுங்கள். ஸ்பிரிங்குக்குப் பிரஷ் தடம் ஒரு குறையே இல்லை.

நிறத்தில் ஒரு யோசனை: கறுப்பைவிட வெளிர் சாம்பலோ மஞ்சளோ நல்லது. துருக்கசிவு பழுப்புக் கோடாக உடனே கண்ணில் படும்.

இதற்குப் பிறகு பொறுமை. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாளே மாட்டிவிடுகிறார்கள். 25 டிகிரியில் முழுதாக இறுக ஏழு நாள் ஆகும். அதற்குள் மாட்டினால் வண்டியின் பாரம் முழுக்க ரப்பர் திண்டின் மேல் அமர்ந்து, இன்னும் மெத்தென்றிருக்கும் பெயிண்ட் அதில் ஒட்டிக்கொள்ளும். முதல் குலுக்கலில் அடிச்சுற்றின் பெயிண்ட் கிழிந்து திண்டோடு போய்விடும், எந்த இடத்தைக் காக்க இத்தனை பாடுபட்டோமோ அதே இடத்தில்.

மாட்டும்போது ஸ்பிரிங் கம்ப்ரஸரின் தாடை பெயிண்டைக் கடிக்கும். வழுக்கும் என்பதால் துணி சுற்றாதீர்கள், அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிர் போகும். பிளாஸ்டிக் உறையோடு வரும் தாடை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் கடித்த இடத்தை மாட்டிய பிறகு தொட்டு அடியுங்கள். மாட்டுவதற்கு முன் கீழ்த்தட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து அதன் வடிகால் துளையில் ஒரு கம்பியை விட்டு அடைப்பை எடுங்கள். கிழிந்த ரப்பர் திண்டை மாற்றுங்கள். கடைசி ஒன்றரைச் சுற்றில், பெயிண்ட் நன்கு இறுகிய பிறகு, கதவுக் குழிகளுக்குள் அடிக்கும் மெழுகையோ லானோலினையோ தடவுங்கள். பெயிண்ட் தேயும் இடத்தில் தேய்ந்தாலும் தானாக மூடிக்கொள்வது இது ஒன்றுதான். ரப்பர் திண்டு இருப்பதால் பெட்ரோலியம் கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதச் செய்யும். மெழுகு ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலமோ உப்புக்காலமோ தொடங்கும் முன் புதுப்பிக்க வேண்டியது. அப்போதே தட்டைப் பைப் தண்ணீரில் கழுவி, சிதறிய இடங்களை எஃகு தெரியும்வரை தேய்த்து, எபாக்ஸி ஒரு துளி, காய்ந்ததும் பாலியூரித்தேன் ஒரு துளி வைத்துவிடுங்கள். சுற்றுகள் நெருங்கி ஒன்றையொன்று தொடும் வகை ஸ்பிரிங்கில், தொடும் முகங்களில் எந்தப் பெயிண்டும் நிலைக்காது. அங்கேயும் மெழுகுதான்.

லீஃப் ஸ்பிரிங் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெயிண்ட்தான், ஆனால் இரண்டு இடத்தில் கணக்கு மாறும். பட்டைகளுக்கு நடுவே தடித்த பெயிண்ட் நிற்காது, உராய்ந்து தூளாகும். அங்கே மெல்லிய துத்தநாகப் பிரைமர் ஒரு கோட் மட்டும் அடித்து, வேண்டுமென்றால் கிராஃபைட் தடவலாம். நடுவில் பிளாஸ்டிக் பட்டை வைத்த வகையில் கிரீஸ் போடக் கூடாது. இரண்டாவது இடம் யூ-போல்ட் இறுக்கும் பகுதி. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே தடித்த பெயிண்ட் இருந்தால் அது பாரத்தில் மெல்ல நசுங்கி இறுக்கம் குறையும், பட்டைகள் நகர்ந்து சென்டர் போல்ட் முறியும். அந்தப் பகுதியில் மெல்லிய பிரைமருக்கு மேல் எதுவும் வேண்டாம். மாட்டிய பிறகு முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போது, யூ-போல்ட்களை டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு மறுபடி இறுக்குங்கள்.